பொய் என்னுஞ் சொல்லின் பொருளும் வழக்கும்

தமிழ்மக்கள் நாவிற் பெரிதும் பயிலுஞ் சொற்களுள் பொய் என்பதும் ஒன்று. மொழி பயிலத் தொடங்கிய சிறுமகவும் இச்சொல்லை அறியும். சாத்திரம் ஓதி முதிர்ந்த பெரியாரும் இதனையே ஆள்வர். மகவு தன் தோழனை நோக்கி, ‘நீ சொல்வது பொய்’ என்று கூறும். பெரியார் தம் மாணாக்கரை நோக்கி, ‘இவ்வுலக வாழ்வு பொய்’ என்று அறிவுறுத்துவர். இரண்டிடத்தும் சொல் ஒன்றே. பொருளும் ஒன்றோ, வேறோ என்று ஆராய்வார் மிகச் சிலர்.

ஆராயாமையால் வருங் கேடு சிறிதன்று. ‘உலகம் பொய்’ என்னும் பெரியார் மொழியை ‘உலகம் இல்லை’ என்று பொருள்கொண்டு, இல்லாத உலகில் அறம் யாது, மறம் யாது, தொண்டு யாது, தொண்டுசெய்வார் யாவர் என்று வினவித் தம் கடமைகளைக் கைநெகிழ விடுவாரை நாம் காண்கின்றோம். வாங்கிய கடனைத் திருப்பக் கேட்டபொழுதும், பசித்து வந்தான் வாயிலில் நின்றபொழுதும் ‘எல்லாம் பொய்’ என்று வேதாந்தம் பேசுவாரும் உளர். தமக்கு உணவு வருங்கால் மட்டும் அவர் அங்ஙனம் பேசுவதிலர். ஒரு சொல்லின் பொருளைப் பிறழக் கொண்டமையே இத்துணைப் பிழைக்கும் இடமாயிற்று.

ஆதலின் இச்சொல்லை முன்னர் உலக வழக்கினும், அடுத்து அறநூல் வழக்கினும், அதன்பின் சித்தாந்த நூல் வழக்கினும் வைத்து நிரலே ஆராய்வாம்.

1. உலக வழக்கு

கார்காலத்தில் முகில் திரண்டு எழுகின்றது. உழவன் ஏரும் வித்தும் கொண்டு ஆயத்தமாய் நிற்கின்றான். முகில் பெய்யாது கலைந்து போகின்றது. அப்பொழுது அவன், ‘மழை பொய்த்துவிட்டது’ என்கின்றான். வானம் பொய்த்தல் என்னும் இவ்வாட்சி மிகத் தொன்மையானது. திருவள்ளுவரும் வான்சிறப்பினுள் இதனை எடுத்தாண்டனர். இளங்கோவடிகள் வையையாற்றைப் பொய்யாதது என்று சிறப்பித்ததும் இவ்வாட்சி பற்றியே. இங்குப் பொய்த்தது என்பதற்கு வானம் இல்லை என்பது பொருளன்று. வானம் உளது, முகிலும் கண்முன் தோன்றிற்று. அதனிடத்து எதிர்நோக்கிய பயன் மட்டும் வந்திலது.

தஞ்சைப் பக்கத்தில் பெயர்பெற்ற பொய்க்கால் குதிரையாட்டத்தைக் காணாதார் அரியர். ஆடுவோர் மரத்தாற் செய்த கட்டைகளைக் காலிற் பிணித்துக்கொண்டு, குதிரைக் கூட்டினை இடையிற் பொருத்தி ஆடுவர். அக்கட்டைகள் இல்லாத பொருள்கள் அல்ல. ஆடுவோர் உடற்பொறை முழுவதையும் அவையே தாங்குகின்றன. ஆயினும் கால் என்னும் பெயர்க்கு அவை உரியன அல்ல. கால்போல நின்று காலின் தொழிலைச் சிறிது செய்வன. அதுபற்றியே அவற்றைப் பொய்க்கால் என்றனர். பொய்ம்முடி, பொய்த்தூக்கம் என்பனவும் இவ்வாறே கொள்ளப்படும்.

இன்னும் ஒன்று காண்க. மகப்பேறு நெருங்கிய நாட்களில், பேற்றுக்காலம் வருமுன்னரே சில மகளிர்க்கு வலி தோன்றி அடங்கும். மருத்துவிச்சியர் அதனைப் பொய்வலி என்பர். அம்மகள் படும் துன்பம் உள்ளதே; அவள் நோவை இல்லையென்று எவரும் கூறார். குழந்தையைப் பிறப்பிக்கும் வலி அதுவன்று என்பதே அச்சொல்லின் கருத்து.

முறைமன்றத்திற் கூறப்படும் பொய்ச்சான்றும் அத்தகையதே. சான்று கூறியோன் சொற்கள் மன்றத்தார் செவியிற் பட்டன, ஏட்டிலும் எழுதப்பட்டன, அவற்றால் ஏழை ஒருவன் தன் நிலத்தை இழத்தலும் கூடும். முற்றும் இல்லாத ஒன்று இத்துணைத் தீங்கு விளைத்தல் யாங்ஙனம்? சொல் உளது, அதனாற் குறிக்கப்பட்ட நிகழ்ச்சியே நிகழ்ந்திலது.

இவ்வெடுத்துக்காட்டுகள் அனைத்தினும் மூன்று கூறுகள் பொதுவாக அமைந்திருத்தல் காணலாம். உள்ளதாகிய பொருள் ஒன்று. அதன்மேல் ஏற்றப்பட்ட பெயரோ, வைக்கப்பட்ட எதிர்நோக்கோ ஒன்று. அவ்விரண்டும் தம்முள் ஒவ்வாமை ஒன்று. இம்மூன்றனுள் இறுதியில் நின்ற ஒவ்வாமையையே பொய் என்னுஞ் சொல் உணர்த்துகின்றது.

முற்றும் இல்லாதவற்றிற்கு நூலோர் காட்டும் உவமைகள் வேறு. முயற்கோடு, ஆகாயத்தாமரை, மலடிமகன் என்பன அவை. இவற்றைப் பொய் என்று வழங்குதல் சிறவாது. இல்பொருள் என்பதே மரபு. ‘முயலுக்குக் கோடு உண்டு’ என்று ஒருவன் கூறின், அக்கூற்றே பொய் எனப்படும். கோடு இல்லது, கூற்றுப் பொய். இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொண்டால் மேல்வருவன எளிதின் விளங்கும்.

2. அன்மையும் இன்மையும்

தமிழில் மறுத்தற்குரிய அடிச்சொற்கள் அல் எனவும் இல் எனவும் இரண்டாம். இல் என்பது ஒரு பொருளின் இருப்பையே மறுப்பது. அல் என்பது இருப்பை மறாது, ‘அது இதுவன்று’ என இயல்பை மறுப்பது. ‘பையிற் பொன் இல்லை’ என்றால் பை வறிது. ‘பையிலுள்ளது பொன் அன்று’ என்றால் பையினுள் ஏதோ ஒன்று உளது, அது பித்தளையாகலாம். வறிய பையைப் பெற்றவன் ஏமாறான். பித்தளையைப் பெற்றவனே ஏமாறுவான். எனவே ஏமாற்றத்திற்கு இடம் அன்மையே, இன்மையன்று.

இக்காலத்துப் பேச்சு வழக்கில் ‘இது பொன் இல்லை’ என அன்மைக்கும் இல்லை என்னுஞ் சொல்லையே பலரும் வழங்குகின்றனர். இரண்டு சொல்லும் ஒன்றாக மயங்கவே, இரண்டு பொருளும் ஒன்றாக மயங்குகின்றன. ‘மெய் அன்று’ என்னும் பொருளதாகிய பொய் என்பதை, ‘மெய்யாக ஒன்றும் இல்லை’ எனக் கொள்ளும் பிழைக்கு இம்மயக்கமும் ஒரு காரணமாதல் வேண்டும்.

இனி, இவற்றின் மறுதலைச் சொற்களையும் நோக்குக. உள் என்னும் அடியாற் பிறந்தது உண்மை. அதன் முதற்பொருள் உளதாந் தன்மை. இதற்கு நேர் மறுதலை இன்மையாம். ‘கடவுள் உண்மை’ என்று பண்டைநூலார் கூறியது கடவுள் உளர் என்பதனையே. வாயினின்று தோன்றும் மொழியின் தூய்மை வாய்மை எனப்பட்டது. மெய் என்பதோ உள்ளவாறு நிற்றலைக் குறிப்பது. அதற்கு மறுதலை பொய். இக்காலத்து உண்மை, வாய்மை, மெய்ம்மை என்பன ஒருபொருட் சொற்களாக வழங்கினும், ‘உண்மை × இன்மை’, ‘மெய் × பொய்’ என்னும் இணைகளை நினைவிற் கொள்வார்க்கு, உலகம் பொய் என்பதனால் உலகத்தின் உண்மை, அஃதாவது உளதாந் தன்மை, மறுக்கப்படவில்லை என்பது புலனாகும்.

மெய் என்பது உடம்பிற்கும் பெயராதல் யாவரும் அறிந்ததே. அவ்வுடம்பையே அருளாளர் பொய் எனப் பலகாலும் இகழ்ந்துரைப்பர். மெய்யைப் பொய் என்றல் முரண்போலத் தோன்றும், ஆயினும் முரணன்று. கண்ணாற் காணவும் கையால் தீண்டவும் நிற்றலின் மெய் என்னும் பெயர் பொருந்திற்று. என்றும் நிலைக்கும் என நம்பி இருந்தாரை ஒருநாள் கைவிடுதலின் பொய் என்னும் பெயரும் பொருந்திற்று. பொய்த்த வானம்போல, உடம்பும் உளதாய் நின்றே பொய்க்கின்றது.

3. அறநூல் வழக்கு

தொல்காப்பியனார் கற்பியலிற் கரணம் வகுக்கப்பட்ட வரலாறு கூறுமிடத்து, மக்களிடைப் பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே பெரியோர் அதனை யாத்தனர் என்றனர். ஆண்டுப் பொய் என்பது, ஒருத்தியைக் கூடியவன் பின்னர் அதனை மறைத்து மறுத்தலைக் குறிப்பது. நிகழ்ந்ததனை நிகழ்ந்திலது என்றலும் பொய். நிகழாததனை நிகழ்ந்தது என்றலும் பொய். சொல்லும் பொருளும் ஒவ்வாமையே இரண்டிடத்தும் உளது.

திருவள்ளுவர் வாய்மை என்னும் அதிகாரத்தில் இதனை மேலும் நுணுகி உரைத்தனர். பிறர்க்குச் சிறிதும் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்று முதற்கண் இலக்கணம் வகுத்தனர். அடுத்து, குற்றந் தீர்ந்த நன்மையைப் பயக்குமாயின் பொய்ம்மையும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றனர். இதனைக் கொண்டு ‘வள்ளுவரே பொய் சொல்ல உடன்பட்டார்’ என்பாருளர். அவர் நோக்கத் தவறியது ஒன்றுண்டு. பொய்ம்மை மெய்ம்மையாகும் என்று ஆசிரியர் கூறினாரல்லர். வாய்மையின் இடத்தது என்றே கூறினர். நிகழ்ச்சியோடு ஒத்தல் மெய்ம்மைக்கு அளவு. உயிர்கட்கு நன்மை பயத்தல் வாய்மைக்கு அளவு. ஓருயிரைக் காத்தற்பொருட்டுக் கூறிய மாற்றம் நிகழ்ச்சியோடு ஒவ்வாமையின் பொய்ம்மையேயாம். பயனால் வாய்மையின் இருக்கையில் அமர்த்தப்பட்டது. தன்னலம் கருதுவார்க்கு இக்குறளில் இடமில்லை என்பது ‘குற்றந் தீர்ந்த’ என்னும் அடையாற் பெறப்படும்.

ஒருவன் தன் நெஞ்சறிந்த ஒன்றைப் பொய்த்துக் கூறின் அந்நெஞ்சே பின் அவனைச் சுடும் என்றும் அவர் கூறினர். பொய் கூறுவோன் மெய்யை முன்னரே அறிந்தவன் என்பது இதனாற் போதரும். மெய்யறியாது கூறியது பிழையுரை. அறிந்து மறைத்ததே பொய்யுரை. மெய்யின் வேடத்தைப் பூண்டாலன்றிப் பொய் ஓரடியும் நடவாது. பொய்யென்று தெரிந்தபின் அதனை நம்புவார் எவருமிலர்.

வேடம் என்றமையால் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு நினைவிற்கு வருகின்றது. திருக்கோவலூரிலிருந்து அரசுபுரிந்த அந்நாயனாரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன், மேனியெங்கும் திருநீறு பூசிச் சடை முடித்து, புத்தகக் கட்டினுட் படையை மறைத்துக்கொண்டு அடியவன்போல வந்தான். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமம் ஒன்று உரைப்பேன் என்று தனியிடம் வேண்டினான். நாயனார் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தாழ இருந்து வணங்கினர். அப்பொழுது அவன் தான் நினைந்த கொடுமையைச் செய்து முடித்தான். வாளுருவி வந்த மெய்காவலன் தத்தனையும் நாயனார் தடுத்து, வந்தவன் ஊறின்றிச் செல்லுமாறு அவனையே துணையாக விடுத்தனர்.

இங்குப் பொய் எது? திருநீறு பொய்யன்று, சடை பொய்யன்று, நூற்கட்டும் கையிலிருந்ததே. புறத்துக் கோலமும் அகத்துக் கருத்தும் ஒவ்வாமையே பொய். அது முத்தநாதன்பால் நின்றது. நாயனார் வணங்கியதோ அவ்வேடம் குறித்து நின்ற சிவபெருமானை. அவர்பால் அகமும் புறமும் ஒத்தன. ஆதலின் அவர் செயல் மெய்யாயிற்று. ஒரே திருநீறு ஒருவனிடத்துப் பொய்க்குக் கருவியாகவும், மற்றொருவர்க்கு வீடுபேற்றிற்கு வாயிலாகவும் நின்றமை காண்க. பொய் என்பது பொருளைப் பற்றியதன்று, அதனைப் பற்றி நிற்பான் நிலையைப் பற்றியது என்னும் நுட்பம் இதனுள் அடங்கியுளது.

திருநாவுக்கரசு சுவாமிகளும் நான்காந் திருமுறையில் உள்ளத்தை விளைநிலமாக உருவகஞ் செய்தவழிப் பொய்ம்மையைக் களையாக்கினர். களை இல்பொருளன்று. பயிர் நின்ற நிலத்திலேயே நின்று, பயிர்க்கு விட்ட நீரையும் எருவையுமே உண்டு வளர்வது அது. இல்லாத ஒன்றைப் பறித்தெறிய வேண்டுவதில்லை. களையெடுக்கும் உழைப்பு வேண்டப்படுதலே களை உளது என்பதற்குச் சான்று.

4. சித்தாந்த வழக்கு

இனிச் சாத்திர வழக்கிற்கு வருவாம். உலக வழக்கிற் பொய் எனப்படுவது சாத்திரத்தில் அசத்து என்னும் பெயர் பெறும். சத்து என்பது உள்ளது என்று பொருள்படும் வடசொல்லாதலின், அசத்து என்பதற்கு இல்லது என்று பொருள்கொள்ளுதல் முதற்பார்வையில் இயல்பே. ஆயினும், வடமொழியில் முன்னின்று மறுக்கும் அகரம் இன்மைப்பொருளை மட்டும் தருவதன்று. இன்மை, அன்மை, மறுதலை என்னும் மூன்று பொருளினும் அது வரும். அரூபம் என்புழி உருவின்மையை உணர்த்திற்று. அதருமம் என்புழித் தருமத்திற்கு மறுதலையாகிய தீவினையை உணர்த்திற்று. அசைவ உணவு என்புழியோ உணவு இல்லை என்பது பொருளன்று. சைவமல்லாத உணவு என்பதே பொருள். அத்துவிதம் என்னுஞ் சொல்லில் நின்ற அகரத்தை அன்மைப்பொருளதாகக் கொள்வதே சித்தாந்த மரபு என்பதும், சிவஞான மாபாடியத்தில் மாதவச் சிவஞான யோகிகள் (மறைவு 1785) இதனை விரித்து நிறுவினர் என்பதும் கற்றோர் அறிவர். அத்துவிதத்திற்குக் கொண்ட அவ்விதியை அசத்திற்கும் கொள்ளுதல் முறையாம்.

அங்ஙனம் கொள்ளுங்கால், சத்து என்பது என்றும் ஒரு தன்மையாய் வேறுபாடின்றி நிற்பது. அசத்து என்பது அங்ஙனம் நில்லாது தோன்றி நின்று ஒடுங்குவது என்று பெறப்படும். உலகிற்கு முதற்காரணமாகிய மாயை அநாதி என்றும் நித்தம் என்றும் கூறும் நூல்களே, அதன் காரியமாகிய உலகை அசத்து என்றும் கூறுகின்றன. மண் இருக்கக் குடம் உடைகின்றது. நூல் இருக்க ஆடை கிழிகின்றது. உள்ளதே தோன்றும், தோன்றியது தன் காரணத்தில் ஒடுங்கும் என்னும் சற்காரியவாதமே நமது கொள்கை. இல்லது ஒருநாளும் தோன்றாது. உள்ளது ஒருநாளும் முற்றக் கெடாது. இக்கொள்கையுடையார் கண்முன் தோன்றும் உலகை இல்லது என்று கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்?

இக்கருத்தைச் சிவஞானபோதத்தின் ஆறாஞ் சூத்திரமே ஐயமற விளக்குகின்றது. கடவுள் அறியப்படும் பொருளோ, அறியப்படாத பொருளோ என்பது ஆண்டு எழுந்த வினா. ஆன்மாவின் சுட்டறிவால் அறியப்படும் பொருள் எனின் அசத்தாய் முடியும். எவ்வாற்றானும் அறியப்படாத பொருள் எனின் இல்பொருளாய் முடியும். ஆதலின் இவ்விரண்டு திறத்தினும் வேறாய், அருளால் உணரப்படும் சிவசத்தே இறைவன் என்று மெய்கண்டதேவர் முடித்தனர். இங்கு அசத்து ஒரு கட்சியாகவும், இல்பொருள் வேறொரு கட்சியாகவும் நிறுத்தப்பட்டமை நோக்குக. இரண்டும் ஒன்றாயின் ஆசிரியர் இரண்டு வினா எழுப்பவேண்டுவதில்லை. அன்றியும், சுட்டி அறியப்படுதலே அசத்திற்கு இலக்கணமாக வைக்கப்பட்டது. முயற்கோட்டைச் சுட்டியறிந்தார் யாவர்? அறிவிற்கு விடயமாய் நிற்பது எதுவோ அது உளதாதல் வேண்டும்.

அசத்தின் இயல்பிற்கு அவ்விடத்து நீர்மேலெழுத்து, கனவு, பேய்த்தேர் என மூன்று உவமை கூறப்பட்டன. நீரில் விரலால் எழுதுவார்க்கு எழுத்துத் தோன்றியே மறைகின்றது; தோன்றவே இல்லை என்றல் கூடாது. கனவு, காணும் பொழுதளவும் இன்பமும் துன்பமும் விளைக்கின்றது. கண்டவன் வியர்த்து விழிக்கின்றான். பேய்த்தேர் என்பது கானல். வெயிலும் மணலும் காற்றும் கூடிய கூட்டத்தால் அத்தோற்றம் உண்டாகின்றது. தோற்றம் உளது, நீர் அன்று. நீரென்று கருதி அணுகியவன் நீர்வேட்கை தணியாது மீள்கின்றான். கானல் அவனைப் பொய்த்தது என்பதற்கும் வானம் உழவனைப் பொய்த்தது என்பதற்கும் வேறுபாடில்லை. உலக வழக்கிற் கண்ட அம்மூன்று கூறும் இங்கும் அமைந்துள்ளன.

5. ஒரு தடையும் விடையும்

அற்றேல், அந்நூலின் ஏழாஞ் சூத்திரம் சத்தின் எதிரில் யாவும் சூனியம் என்றதே. சூனியமாவது இன்மையன்றோ எனின், கூறுதும். அச்சூத்திரம் உலகின் இருப்பை ஆராய எழுந்ததன்று; சத்தையும் அசத்தையும் அறிவது எது என்று ஆராய எழுந்தது. முற்றறிவாகிய சிவசத்திற்கு அசத்து வேறாக நின்று சுட்டியறியப்படும் பொருளாகாது. அறிவில்லாத அசத்தோ ஒன்றையும் அறியாது. ஆதலின் இரண்டையும் அறிந்து, இரண்டும் அல்லாததாய், சார்ந்ததன் வண்ணமாய் நிற்கும் ஆன்மா ஒன்று உண்டு என்பது அதன் முடிபு. யாவும் இன்மையாயின் அறிவதாகிய ஆன்மாவும் இன்மையாய்ச் சூத்திரமே பயனற்றுப்போம். ஆகலின் ஆண்டுச் சூனியம் என்றது, சத்தின் முன் தனித்து விளங்கமாட்டாமையை. ஞாயிறு எழுந்தபின் விண்மீன்கள் எங்கும் போய்விடவில்லை, விளங்காது நிற்கின்றன.

உமாபதிசிவம் திருவருட்பயனில் இதனினும் அணிய உவமை ஒன்று கூறினர். மாயையின் காரியமாகிய உடல் கருவி முதலியன, விடியுமளவும் நின்று உதவும் விளக்குப் போல்வன என்பது அவர் கருத்து. இவ்வுவமையைச் சிறிது நின்று நோக்குதல் தகும். ஆணவ இருளில் மூழ்கிய உயிர்க்கு ஒன்றும் தெரிந்திலது. இறைவன் அதன்பாற் கருணைகொண்டு, உடம்பும் கருவியும் உலகும் நுகர்பொருளும் தந்து சிற்றறிவு விளங்கச் செய்தனன். அவ்விளக்கொளியில் உயிர் சிலவற்றை அறிகின்றது, வினையை நுகர்கின்றது, பக்குவப்படுகின்றது. திருவருளாகிய ஞாயிறு எழுந்தபின் அவ்விளக்கு வேண்டப்படுவதன்று. விடிந்தபின்னும் விளக்கைப் பிடித்துக்கொண்டு ‘இதுவே எனக்கு ஒளி’ என்பவனும் பேதை. நள்ளிரவில் ‘விளக்குப் பொய்’ என்று அவித்துவிட்டு இருளில் இடறுபவனும் பேதை. விளக்கின் குறை, அது இல்லை என்பதன்று. ஞாயிறு அன்று என்பதே.

திருமூலரும் உடம்பை முன்னர் இழிந்ததென்று கருதியிருந்து, அதனுள் உறுபொருள் கோயில்கொண்டமை கண்டபின் அதனை ஓம்புகின்றேன் என்று உரைத்தனர். அப்பர் பெருமான் காயத்தைக் கோயிலாக்கினர். பொய் எனப்பட்ட அதுவே கோயிலும் ஆயிற்று. தனக்கென்று பற்றியவழிப் பொய். இறைவற்கென்று நிறுத்தியவழிக் கோயில். மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றிற் கண்ட நுட்பமே இது.

6. மித்தை என்னும் வழக்கு

மாயாவாதத்தார் உலகை மித்தை என்பர். அவரும் உலகை முயற்கோடு போல்வது என்று கூறினாரல்லர். சத்து என்றும் அசத்து என்றும் சொல்லவாராத அநிர்வசனீயம் என்றே கூறினர். வியவகார நிலையில் உலகிற்கு ஓர் இருப்பும் உடன்பட்டனர். பிறர் கொள்கையை அவர் சொன்னவாறே எடுத்துரைத்தல் நமக்குக் கடமையாதலின் இதனைக் கூறினாம். ஆயினும் கயிற்றில் தோன்றிய பாம்பு, கயிற்றறிவு வந்தபின் முக்காலத்தும் இன்றாய் ஒழியும். உலகும் பிரமஞானம் வந்தபின் அவ்வாறு ஒழியும் என்பது அவர் முடிபு. சித்தாந்தமோ, ஞானம் வந்தார்க்கு உலகம் ஒழிவதன்று, உலகின்மேல் வைத்த ‘யான், எனது’ என்னும் பற்றே ஒழிவது என்று கூறும். அருணந்திசிவாசாரியர் சித்தியார் பரபக்கத்திலும், உமாபதிசிவம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313, என்னும் காலக்குறிப்புடைய சங்கற்பநிராகரணத்திலும் மாயாவாதத்தை எடுத்து மறுத்தமைக்கு இவ்வேறுபாடே காரணம். மித்தை என்னுஞ் சொல்லின் பொருளைப் பொய் என்னுந் தமிழ்ச்சொல்லின்மேல் ஏற்றித் திருமுறைகளை உரைப்பார், திருமுறையாசிரியர் கருதாத கொள்கையை அவர் வாயில் வைப்பாராவர்.

7. இவ்வாராய்ச்சியாற் பெறும் பயன்

பொய் என்பதனை இன்மை என்று கொள்ளின் வரும் இழுக்குகள் பல. அவற்றுள் மூன்றனை ஈண்டு எண்ணுவாம். உலகை ‘அவன், அவள், அது’ எனப் பகுத்து, அது முத்தொழிற்படுதலைக் காட்டி, அதனைத் தொழிற்படுத்தும் முதல்வன் ஒருவன் உளன் எனச் சிவஞானபோதத்தின் முதற்சூத்திரம் நிறுவிற்று. உலகம் இன்றாயின் அவ்வளவைக்கு இடனேயில்லை. முதல்வன் இயற்றும் ஐந்தொழிலும் வீணாம். இஃது ஒன்று. குருவும் லிங்கமும் சங்கமமும் இன்றாய்ச் சரியை முதலிய நாற்பாதமும் கனவிற் கண்ட சோறாம். இஃது இரண்டு. மெய்யுரையும் பொய்யுரையும் ஒருங்கே பொய்யாய், பொய் கூறாமை என்னும் அறத்திற்குப் பொருளே இன்றாம். இது மூன்று. ‘எல்லாம் பொய்யாயின் யான் கூறும் ஒரு பொய்யால் வருங் குற்றம் என்னை?’ என்று கள்வன் ஒருவன் வினவின், இன்மைப்பொருள் கொண்டார் அவனுக்கு விடைகூற மாட்டார்.

அன்மைப்பொருள் கொண்டார்க்கு விடை எளிது. உலகம் உளது, ஆதலின் அதன்கண் உயிர்கள் படும் துன்பமும் உளது, அதனை நீக்குதற்குச் செய்யும் தொண்டும் மெய்யேயாம். உலகம் நிலையாதது, ஆதலின் அதனைத் தன் உடைமையென்று பற்றுதல் கானலை நீரென்று பருகப்போதல். தொண்டும் துறவும் இவ்வாறு ஒருவனிடத்தே ஒருங்கு நிற்றல் கூடும். உழவாரம் ஏந்திய கையால் ஓட்டையும் செம்பொன்னையும் ஒப்ப நோக்கிய நாவுக்கரசர் வாழ்க்கையே இதற்குக் கரி.

இன்னும் நுணுகிய பயன் ஒன்று உண்டு. மாணிக்கவாசக சுவாமிகள் திருச்சதகத்தில் தம்மையும், தம் நெஞ்சையும், தாம் இறைவன்பால் வைத்த அன்பையுமே பொய் என்று கூறி, ஆயினும் அழுதால் இறைவனைப் பெறலாம் என்று ஆறுதல் அடைந்தனர். பொய் என்பது இன்மையாயின், அழுவார் யாவர்? பெறுவார் யாவர்? அன்பு இல்லாதவன் ‘என் அன்பு பொய்’ என்று வருந்துவானோ? இறைவன் கருணையின் அளவிற்குத் தம் அன்பு சிறிதும் ஒவ்வாமையைக் கண்டார். அவ்வொவ்வாமையைப் பொய் என்றார். பிறர் பொய்யை எண்ணும் நாம், இப்பெருமான் சொல்லைக்கொண்டு நம் வழிபாட்டையே ஒருகால் அளந்துபார்த்தல் வேண்டும். நீறு பூசிய நெற்றியும் அதன் உள்ளிருக்கும் நினைவும் ஒத்துளவோ? ஓதிய பதிகமும் ஓதிய வாயின் பின்னைய சொற்களும் ஒத்துளவோ? ஒவ்வாதவிடத்து நாம் கண்டது பொய். அது களைபோல உள்ளது; ஆதலின் களையத்தக்கது. இல்லது என்று இருந்துவிடுதற்கு உரியதன்று.

ஆகவே, திருமுறைகளையும் சாத்திரங்களையும் ஓதும் மாணாக்கர், பொய் என்னுஞ் சொல் வருந்தோறும், எது உளதாய் நிற்கின்றது, அதன்மேல் ஏற்றப்பட்டது யாது, அவ்விரண்டும் எங்ஙனம் ஒவ்வாவாயின என்று மூன்று வினா எழுப்பிப் பொருள் காண்பாராக. சொல்லின்கண் வருவது பொய்யுரை; கோலத்தின்கண் வருவது பொய்வேடம்; பற்றின்கண் வருவது பொய்வாழ்வு. மூன்றிடத்தும் மறுக்கப்படுவது மெய்யாந் தன்மையே, உளதாந் தன்மையன்று என்பது கடைப்பிடிக்க.

திருச்சிற்றம்பலம்.